ஏழுமலை பூட்டை மறக்கிற ஆள் இல்லை

தினமும் விடிந்தால் என் போனில் நாலைந்து சூரியன் உதிக்கிறது. ஒன்று மலைக்குப் பின்னால், ஒன்று கடலுக்கு மேலே, ஒன்று யாரோ ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு நிற்க அவள் தலைக்குப் பின்னால். ஒவ்வொன்றுக்கும் கீழே தன்னம்பிக்கை, நேர்மை, விடாமுயற்சி என்று ஒரு நல்ல வார்த்தை. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் நடத்துகிற வாட்ஸ்அப் குழு அது. ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. போன மாதம் அதில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மேரியக்கா, புதுசா சேர்ந்தவங்களுக்கு மோட்டிவேஷனா ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்களேன்."

நான் போடவில்லை. எனக்கு அந்த வார்த்தையே ஒத்துக்கொள்ளாது. வேலைக்கு வந்தவனுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தால் போதாதா, எதற்கு இந்த உசுப்பேற்றல் என்று தோன்றும். ஆனால் அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. இயந்திரங்களுக்குப் பூட்டுப் போடுகிற முறையை மாற்றப் போகிறார்களாம். இனிமேல் போனிலேயே அனுமதி, போனிலேயே பூட்டின் படம், யார் பூட்டு என்பதையும் போனே சொல்லிவிடுமாம். நல்லதுதான், நான் குறை சொல்ல வரவில்லை. யார் பூட்டு என்று போன் சொல்லும். அவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லாது. அதைப் பற்றி எனக்கு ஒரு சங்கதி தெரியும். பேசினால் கத்திவிடுவேன், எழுதினால் கொஞ்சம் அடங்கி வரும் என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வமேரி. ஊர் கவரைப்பேட்டை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கல்லை அரைத்து மாவாக்கி பெயின்ட் கம்பெனிகளுக்கும் பிளாஸ்டிக் கம்பெனிகளுக்கும் அனுப்புகிற தொழிற்சாலையில் இருந்தேன். மூட்டை வாய் தைக்கிற இடத்தில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். பிறகு கம்பெனி ஆளாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு, பத்தாவது பாஸ் செய்திருந்த காரணத்தால், பேனல் ரூமில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். பேனல் ரூம் என்றால் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, வரிசையாகப் பொத்தான்கள். இங்கே ஒரு பொத்தானை அமுக்கினால் தொழிற்சாலையின் வேறு ஏதோ மூலையில் ஓர் இயந்திரம் ஓடத் தொடங்கும். அந்த மூலை என் கண்ணுக்குத் தெரியாது, விளக்குதான் தெரியும். இதை நினைத்து முதல் வருஷம் முழுக்க எனக்குப் பயமாகவே இருந்தது.

அந்தப் பயத்தைப் போக்கியவர் தயாளன் சார். போக்கினார் என்று கூடச் சொல்லக் கூடாது, பயத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் அவர். ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்க்காரர். ஆண்களை எல்லாம் நைனா என்பார், எங்களை அம்மா என்பார். குரல் உயர்த்தியதே கிடையாது, அதுதான் பெரிய பேஜாரு. கத்துகிற ஆளை எப்படியாவது சமாளித்துவிடலாம். இவர் ஒரே கேள்வியைப் பதில் வருகிற வரைக்கும் அதே குரலில் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"சார், மோட்டாரை சரி பண்ணிட்டாங்க."

"நீ பாத்தியா நைனா?"

"எலக்ட்ரீஷியன் சொன்னாரு சார்."

"நீ பாத்தியா?"

"போய்ப் பாத்துட்டு வரேன் சார்."

கடைசியில் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அதற்கு முதலிலேயே போயிருக்கலாம் என்று தெரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

பூட்டு விஷயம் அவர் கொண்டுவந்ததுதான். கம்பெனி ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு, அதில் வெள்ளை பெயின்டில் அவரவர் பெயர், ஒரே ஒரு சாவி. இயந்திரத்துக்குள் கையை விட வேண்டுமென்றாலும் சரி, ஆளே நுழைய வேண்டுமென்றாலும் சரி, முதலில் சுவிட்ச் ரூமில் அந்த இயந்திரத்தின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதன் மேல் அவரவர் பூட்டைப் போட வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு தொங்கும். வேலை முடிந்தவன் தன் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். கடைசிப் பூட்டு போகிற வரைக்கும் சுவிட்ச் ஏறாது.

இதோடு விட்டிருந்தால் மற்ற கம்பெனிகளைப் போல இருந்திருக்கும். தயாளன் சார் ஒரு படி கூடுதலாக வைத்தார். பூட்டைப் போட்டவன் நேராக என் பேனல் ரூமுக்கு வந்து, அந்த இயந்திரத்தின் ஸ்டார்ட் பொத்தானைத் தன் கையாலேயே அமுக்கிப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்று அவனே பார்த்த பிறகுதான் வேலைக்குப் போகலாம். "உன் உசுரு நைனா, உன் வெரலாலேயே அமுக்கிப் பாரு. மேரிம்மா வெரல நம்பாத" என்பார் என் முன்னாலேயே. முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பழகிய பிறகு, அமுக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்துப்போனது. புது ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவார்கள். பழைய ஆட்கள் என்னிடம் கதை பேசிக்கொண்டே அமுக்குவார்கள்.

போர்டில் எழுதி வைத்த விதிகளில் ஒன்றைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். பூட்டையோ சாவியையோ இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேலை போகும். கொடுத்த பூட்டு யாரைக் காப்பாற்றுகிறது என்று யாருக்கும் தெரியாது என்பது அவர் சொன்ன காரணம்.

விதி போட்டால் எல்லாம் நடந்துவிடுமா என்ன? கம்பெனி கொடுத்த பூட்டு நல்ல கனமான பூட்டு. எங்கள் ஆட்கள் அதைப் பார்த்தார்கள், வீட்டில் இருந்த துருப்பிடித்த பூட்டையும் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் சிவப்புப் பூட்டெல்லாம் சைக்கிளுக்கும் வண்டிக்கும் போய்விட்டது. வேலைக்கு நடுவில் சுவிட்சில் பூட்டுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தயாளன் சார் குடும்பத்தோடு ரயில் ஏற கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார், வண்டி ஸ்டாண்டைப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ரொம்ப சாந்தமாக ஆரம்பித்தார்.

"நேத்து ஸ்டேஷன் ஸ்டாண்டுல நம்ம ஆளுங்க நெறய பேர பாத்தேன். பேரோட தொங்கிக்கினு இருந்தீங்க."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கம்பி சுற்றிய ஒருவனை சுவிட்ச் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார், நாங்களும் பின்னால் போனோம். அவன் சுற்றிய கம்பியை இரண்டு விரலால் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "எனக்கு எவ்ளோ நேரம் ஆச்சு நைனா?" என்று கேட்டார். மறுநாள் சிவப்புப் பூட்டெல்லாம் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தது.

அந்த ஸ்டாண்டில் ஏழுமலையின் பூட்டு இல்லை. ஏழுமலை எங்கள் ஃபிட்டர். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அவன் குப்பத்திலிருந்து ஒரு கம்பெனியில் நிரந்தர வேலைக்கு வந்த முதல் ஆள் அவன்தான். அதனால் அந்த வேலையை அவன் வீட்டில் எல்லாரும் சாமி மாதிரி வைத்திருந்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவான். அதிகம் பேச மாட்டான். ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தான். வேலை முடிந்து பூட்டை எடுத்ததும் என் பேனல் ரூம் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று பூட்டைத் தூக்கிக் காட்டுவான். "யக்கா, எட்துட்டேன்" என்பான். இப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை. பூட்டை எடுத்து சுவிட்சை ஏற்றினால் எனக்கு விளக்கில் தெரிந்துவிடும்.

"தெரியுதுடா, போடா" என்று நானும் எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். மறுநாளும் வந்து காட்டுவான். பேனலில் நான் இல்லாவிட்டால் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குக் காட்டுவான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பூட்டு கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான். கூட்டுகிற, அள்ளுகிற காண்ட்ராக்ட் பெண்களுக்குக் கிடையாது. அவர்கள் இயந்திரத்தைத் தொடுவதில்லை, அதனால் தேவையில்லை என்று ஸ்டோரில் சொல்வார்கள். நானும் அந்த வரிசையிலிருந்து வந்தவள்தான். அப்போது எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அன்றைக்கு எனக்கு மதிய ஷிப்ட். காலையிலிருந்து எலிவேட்டர் நின்றிருந்தது. ஆள் போகிற லிஃப்ட் இல்லை இது. நீளமான பெல்ட்டில் வரிசையாக இரும்பு வாளிகள் கோத்திருக்கும், கீழே குழியிலிருந்து கல்மாவை அள்ளிக்கொண்டு போய் நாலு மாடி உயரத்தில் கொட்டும். உச்சியில் கியர் பழுதாகி ஏழுமலை காலையிலிருந்து மேலே வேலை பார்த்திருந்தான். எனக்கு முந்தைய ஷிப்ட் பேனல்காரர் போகும்போது சொன்னார்: "மேல வேல முடிஞ்சுது. ஏழுமல பஸ் ஏறிட்டான். பூட்டு மட்டும் இருக்குது, எட்த்தா ஓட்டிக்கலாம்."

"பூட்டு இருக்குதா? எட்துட்டேன்னு வந்து காட்டலயா?"

"மறந்துட்டான் போல."

நான் தயாளன் சாருக்குச் சொன்னேன். வேறு ஒரு வேலையில் இருந்த அவர் வர இரண்டு மணி நேரம் ஆனது, அதற்குள் மேனேஜரும் வந்துவிட்டார். மேனேஜர் கெட்ட மனுஷன் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளின் பரீட்சை மார்க்கெல்லாம் விசாரிப்பார். ஆனால் அன்று வெளியே லாரிகள் காத்துக்கொண்டிருந்தன, சரக்கு கேட்ட பார்ட்டி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். எலிவேட்டர் ஓடாமல் ஒரு மூட்டை கூட நிரம்பாது.

சொந்தக்காரன் இல்லாத பூட்டை எடுக்கவும் முறை இருக்கிறது. முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் இயந்திரம் முழுக்கத் தேட வேண்டும். யாரும் இல்லை என்று உறுதியானால் மேனேஜர் முன்னிலையில் பூட்டை வெட்டலாம். எல்லாம் முறைப்படிதான் செய்தார்கள். ஏழுமலையின் போன் அணைந்திருந்தது. தண்ணீருக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவன் அவன். அவன் மனைவி நம்பருக்குப் போட்டார்கள். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம். "இப்பதான் வந்து துன்னுட்டு ஏரிக்கு போனாரு. இன்னா சார், இன்னா ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தார்கள். இரண்டு பேர் மேலே ஏறி ஒவ்வொரு மாடியாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவன் கீழே குழிக்குப் போய் ஓரத்தில் நின்றுகொண்டு, "ஏழுமல! ஏழுமல!" என்று கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை.

ஸ்டோரிலிருந்து நீளக் கைப்பிடி வைத்த கத்தரியைக் கொண்டுவந்தார்கள். வெட்டியதும் ஓட்ட வேண்டியவள் என்பதால் நானும் சுவிட்ச் ரூமில் நின்றிருந்தேன். தயாளன் சார் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தயாளன், அதான் ஆள் வீட்டுக்குப் போயிட்டான்னு அவன் பொண்டாட்டியே சொல்லிட்டாளே. நீங்களும் உங்க காதால கேட்டீங்க" என்றார் மேனேஜர்.

"அதான் சார் எனக்கு பயமா இருக்கு. ஆள் வெளிய போயிட்டான், பூட்டு போகல."

"மறந்துட்டான்யா! மனுஷன் மறக்க மாட்டானா?"

"மறப்பான் சார். நான் மறப்பேன், நீங்க மறப்பீங்க. ஏழுமலை பூட்டை மறக்கிற ஆள் இல்ல." என் பக்கம் திரும்பினார். "மேரிம்மா, அவன் என்னிக்காவது பூட்ட காட்டாம போயிருக்கானா?"

"இல்ல சார்."

"பாத்து சொல்றீங்களா, கேட்டு சொல்றீங்களா?"

"பாத்துதான் சார் சொல்றேன். தெனமும் போடான்னு நான்தானே தொரத்துவேன்."

மேனேஜருக்குக் கோபம் வந்தது. "ஒருத்தன் ஒழுங்கானவன்னு சொல்லி நான் லாரிய நிறுத்தி வைக்க முடியுமா? முறைப்படி எல்லாம் பாத்தாச்சு. நீங்க எழுதின முறைதானே அது?"

"ஆமா சார், நான் எழுதினதுதான். அவன் மறந்திருந்தா நாம பாத்தது போதும். மறக்கலன்னா?" தயாளன் சார் அதே குரலில் கேட்டார். "மறக்கலன்னா வேணும்னேதான் வெச்சிட்டு போயிருக்கான். யாருக்காக வெச்சிட்டு போனான்?"

கத்தரி வைத்திருந்தவன் அதைத் தரையில் ஊன்றிக்கொண்டான். "பூட்டு இல்லாத ஆளுங்க நம்மகிட்ட யாரு?" என்று மறுபடியும் கேட்டார்.

"காண்ட்ராக்ட் லேடீஸ் சார்" என்றேன்.

டீ நேரம். காண்ட்ராக்ட் பெண்கள் குடோன் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய சூப்பர்வைசர் பாபு அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினான். பக்கத்துக் கம்பெனியிலும் அவனுக்கு ஆட்கள் உண்டு, அங்கேயும் இங்கேயுமாக ஓடிக்கொண்டிருப்பான். எல்லாரையும் நிற்கச் சொன்னோம். அவர்களில் கஸ்தூரி என்கிற பெண்ணை மட்டும் காணவில்லை.

"அது மதியமே ஊட்டுக்கு போயிடுச்சின்னாங்க சார்" என்றான் பாபு.

"நீ பாத்தியா நைனா?"

"சொன்னாங்க சார்."

"யாரு சொன்னா?"

அதற்குள் ஒரு பெண் குறுக்கே பேசினாள். "ஊட்டுக்கு எங்க போச்சி? அதோட பை தோ ஆணியில மாட்டிக்கினு கீதே. சோத்துக் குண்டானும் உள்ளதான் கீது."

பாபு அந்தப் பையைத் திரும்பிப் பார்த்தான். "காலையில… எலிவேட்டர் நிக்குதே, அடிக்குழிய அள்ளிடுன்னு சொல்ட்டு போனேன் சார்" என்றான். அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை, நாங்கள் ஓடினோம். எனக்கு அப்போதே முழங்கால் வலி உண்டு. அன்று அது எங்கே போனதென்று தெரியவில்லை.

குழிக்குள் இறங்கி, வாளிகள் திரும்புகிற இடத்தில் குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு இடம் இருக்கும். அதற்குள் கஸ்தூரி உட்கார்ந்து மாவை அள்ளிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முகத்தில் துண்டு, புருவம் வரைக்கும் வெள்ளை. எங்களைப் பார்த்துத் துண்டை இறக்கினாள்.

"இன்னாக்கா, இத்தினி பேரு வந்துகீறீங்க? ஆயிடுச்சுக்கா, இன்னும் ரெண்டு கூடைதான்."

"அடியே, கூப்ட்டது காதுல வுழலையாடி ஒனக்கு?"

"யாரோ ஏழுமல அண்ணாவ கூப்டாங்க. அவுருதான் ஊட்டுக்கு போய்ட்டாரேன்னு நான் என் வேலைய பாத்துக்கினு இருந்தேன்."

ஏழுமலை என்று கூப்பிட்டால் கஸ்தூரி எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? கைப்பிடித்து மேலே தூக்கினோம். நான் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன், பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜரையும், யாரோ கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்ட கத்தரியையும் மாறி மாறிப் பார்த்தாள், அப்புறம்தான் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"அண்ணாவ ஒண்ணும் சொல்லாதீங்க சார். பூட்ட நான்தான் கேட்டேன். குடுக்க மாட்டேன்னுதான் சொன்னாரு."

மேனேஜர் அங்கே இருந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தார்கள், குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து பேனலில் உட்கார்ந்தேன். எலிவேட்டர் பொத்தானில் கை வைக்க என்னால் முடியவில்லை. அன்று வேறு ஒருவர்தான் ஓட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இதை யோசித்திருக்கிறேன். கஸ்தூரி உயிரோடு இருப்பதற்குக் காரணமான ஆள் அந்த நேரத்தில் பழவேற்காடு ஏரியில் வலை விட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் போன் கூட இல்லை. அவனுக்காகப் பேசியது, நான் போடா போடா என்று விரட்டியும் விடாமல் அவன் தினமும் செய்த அந்தச் சின்ன வேலை. யாரும் கைதட்டாத வேலை. ஒரு இன்ஜினியர் அதை நம்பி மேனேஜரை எதிர்த்து நின்றார். குணம், குணம் என்று சூரியனுக்குக் கீழே எழுதுகிறார்களே, எனக்குத் தெரிந்தவரை அது இவ்வளவுதான். நாம் இல்லாத இடத்தில் இன்னொருவர் நம்மை வைத்து ஒரு கணக்குப் போட முடிய வேண்டும்.

ஆனால் இதை இங்கேயே முடித்தால் நானும் ஒரு சூரியன் படம் அனுப்பியதாகிவிடும். ஏழுமலை செய்தது தப்பும்தான். சிவப்பு மையில் எழுதிய விதியை மீறியிருந்தான்.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், தயாளன் சார், ஏழுமலை, பேனலில் இருந்தவள் என்பதால் நான். ஏழுமலை நின்றுகொண்டே சொன்னான். மேலே வேலை முடித்து இறங்கியபோது கஸ்தூரி மண்வெட்டியோடு குழி ஓரத்தில் நின்றிருக்கிறாள். பூட்டை எடுத்துவிட்டால் இறங்க அவளுக்குப் பயம், இறங்காவிட்டால் நாளையிலிருந்து வேலை இல்லை என்று பாபு சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சாவியை அவளிடம் கொடுத்து, முடித்துவிட்டு நீயே பூட்டை எடுத்து மேரியக்காவிடம் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறான்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டு போயிருக்கணும் சார். பஸ்ஸ உட்டாலும் பரவால்லன்னு நின்னுருக்கணும். அது என் தப்பு" என்றான்.

மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "ஏழுமலை, நீ இப்ப சொன்னத நான் கேக்கல. நீ பூட்டை மறந்துட்டு போயிட்ட. அவ்ளோதான் நடந்துச்சு. ஒரு வார்னிங் லெட்டரோட முடிச்சிடறேன். பூட்டைக் கொடுத்தேன்னு எழுதினா அது ஹெட் ஆபீஸுக்குப் போகும். அங்க உன் வேலைய என்னால காப்பாத்த முடியாதுப்பா."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கம்பெனிக்கும் அது வசதி என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மறந்துபோன பூட்டு என்றால் குழிக்குள் ஆள் இருந்த கதையே எழுத்தில் வராது. நான் தயாளன் சாரைப் பார்த்தேன். கண்ணால் பார்க்காததை ஏற்காத மனுஷன், பேச மாட்டாரா என்று பார்த்தேன். அவர் பேசினார்.

"நைனா, சார் சொல்றாப்ல சொல்லிடு. ஊட்ல உன்ன நம்பி இருக்காங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் மனசுக்குள் அதேதான். சொல்லித் தொலையேன்டா, ஒரு வார்த்தைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். குப்பத்தில் முதல் ஆளாக வேலைக்கு வந்தவன் வேலை போய்த் திரும்பிப் போனால் அவன் அம்மா தாங்க மாட்டாள்.

ஏழுமலை மேனேஜரின் மேஜைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான்.

"வேணாம் சார். நான் மறந்துட்டேன்னு எழுதாதீங்க. எழுதிட்டீங்கன்னா, இன்னொரு நாள் என் பூட்டு தொங்கும்போது 'இவன் மறக்கற ஆளுதானே'ன்னு வெட்டிடுவீங்க. அன்னிக்கு உள்ள நான் இருப்பேன் சார்."

மேனேஜர் எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, வேறு ஒரு தாளில், அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ஏழுமலை கையெழுத்துப் போட்டான். அப்போதே சஸ்பென்ஷன். ஹெட் ஆபீஸ் முடிவு சொல்கிற வரைக்கும் ஏரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். அவன் அம்மா கவரைப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தயாளன் சார் சென்னைக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. கடைசியில் சஸ்பென்ஷனோடு விட்டார்கள், வேலை தங்கியது. அந்தத் தாள் ஹெட் ஆபீஸ் வரைக்கும் போனதால், காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாருக்கும் பூட்டுக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஏழுமலை திரும்பி வந்த வாரத்திலேயே ஒரு நாள் கன்வேயர் நின்றது. சுவிட்சில் ஒரே ஒரு பூட்டு தொங்கியது, ஆளைக் காணோம். வெளியே லாரிகள், வழக்கம்போல பார்ட்டி போனில். ஸ்டோர்காரன் கத்தரி வேண்டுமா என்று கேட்டான். மேனேஜர் சுவிட்ச் ரூமுக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூட்டில் இருந்த பெயரைப் படித்தார்.

"ஏழுமலையா? வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தார்.